மாகறல் உடும்பு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களில் இதுவும் ஒன்று. பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. மூலவருக்குத் திருமாகறலீஸ்வரர், அடைக்கலம் காத்த நாதர் என்று பல பெயர்கள் வழங்கினாலும், வெளியூர்க்காரர்களை நின்று கேட்கவைக்கும் பெயர் உடும்பீசர் என்பதுதான். கருவறையில் இருப்பது மற்றக் கோயில்களில் பார்த்துப் பழகிய உருண்ட பாணம் இல்லை. புற்றுக்குள் தலையை நுழைத்துக்கொண்ட உடும்பின் வால் மட்டும் வெளியே தெரிந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒல்லியாக எழுந்த திருமேனி. விமானம் யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாடம். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் பார்க்கிற அதே வகை.

தலபுராணம் சொல்லும் கதையில் ஒரு பலா மரமும் ஓர் உடும்பும் வருகின்றன. பிரமன் வழிபட்ட இடத்தில் நட்ட பலா, நாளுக்கு ஒரு பழம் தந்ததாம். அந்தப் பழத்தைச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போய் நடராசருக்குப் படைத்து, பிரசாதத்தை இராசேந்திர சோழனிடம் சேர்ப்பது ஊரார் கடமை. வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துச் சுமந்தார்கள். ஒரு சிறுவனின் முறை வந்தபோது, இந்தச் சுமை இனி யாருக்கும் வேண்டாம் என்று மரத்தையே எரித்துவிட்டான். மன்னன் அவனைத் தண்டிக்கப் போன வழியில்தான் பொன்னிறமான உடும்பு ஒன்று கண்ணில் பட்டது. துரத்தினார்கள், அது புற்றுக்குள் புகுந்தது. புற்றை வெட்டியபோது வாலில் ஆயுதம் பட்டு இரத்தம் பெருகியது. உள்ளே இருப்பது சிவன் என்று தெரிந்து மன்னன் கோயில் எடுத்தான். சொல்பவரைப் பொறுத்துக் கதையின் கிளைகள் மாறும். பலாவும் உடும்பும் புற்றும் மாறுவதில்லை.

காலக் கணக்கு இந்தக் கதைக்கு ஒத்துழைப்பதில்லை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்காரர். முதலாம் இராசேந்திரன் ஆட்சிக்கு வந்தது 1012இல். அவன் உடும்பைத் துரத்துவதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே பாடல் பெற்ற சிவன் இருந்திருக்கிறார். சோழர் காலத்தில் தொண்டை நாட்டுப் பழங்கோயில்கள் பலவற்றுக்குக் கற்றளி எழுந்தது. பின்னால் கதை கட்டியவர்கள் அந்தத் திருப்பணிக்காரர்களில் பெரிய பெயரை எடுத்து ஆதிக்கதையில் வைத்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும். ஆனால் உடும்பை அப்படித் தள்ளிவிட முடியாது. புற்றில் ஒளியும் உடும்பும், அதைத் தோண்டி எடுக்கும் ஆட்களும் செய்யாற்றங்கரையில் எந்த நூற்றாண்டிலும் இருந்தவர்கள்தான்.

இதற்குச் சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்த நூல், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. வழியில் வேட்டையாடி வாழும் எயினர் குடியிருப்பு வரும். அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் புலவர் விட்டுவைக்கவில்லை. மேட்டு நிலத்தில் விளைந்த நெல்லின் சிவந்த சோறு. அதற்குத் தொட்டுக்கொள்ள நாய் பிடித்து வந்த உடும்பின் வறுவல். அந்த உடும்பு சினை உடும்பு என்றும், உள்ளே முட்டைகள் சங்குமணி கோத்ததுபோல் இருக்கும் என்றும் ஒரு நுணுக்கம். வேட்டைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்த கண்தான் இப்படிச் சொல்லும். சினை உடும்பு பாரமானது, ஓட்டம் குறைந்தது, நாயிடம் எளிதாகச் சிக்கும், கொழுப்பும் கூடுதல். எந்தப் பருவத்தில் எதைப் பிடித்தால் இலாபம் என்று எயினருக்குத் தெரிந்திருந்தது. காஞ்சிக்குப் போகும் வழியில் உடும்பு முதலில் பதிவானது உணவாக, தெய்வமானது பிற்பாடு.

உடும்பைத் தெய்வத்தோடு சேர்த்தது மாகறல் மட்டும் இல்லை. வங்காளத்தில் முகுந்தராம் சக்கரவர்த்தி 16ஆம் நூற்றாண்டில் பாடிய சண்டிமங்கல் காவியத்தில், காலகேது என்ற வேடனிடம் தேவி பொன்னுடும்பாக வந்து அகப்படுகிறாள். கீழை இந்தியாவின் பழைய பார்வதி சிற்பங்களில் காலடியில் உடும்பு செதுக்கியிருப்பதும் உண்டு. மாகறல் கதையிலும் சண்டிமங்கலிலும் உடும்பு பொன்னிறம், இரண்டிலும் அதைத் துரத்துகிறவன் பிறகு பக்தனாகிறான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. வேட்டைக்காரர் வழிபட்ட ஏதோ ஒன்று பெரிய கோயில் மரபுக்குள் வந்து சேரும்போது இப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கலாம்.

காஞ்சிபுரத்திலேயே பல்லிக்கும் ஓர் இடம் உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலில் விதானத்தில் பதித்த தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க நாள்தோறும் வரிசை நிற்கிறது. பூசைக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பல்லி கிடந்ததைக் கவனிக்காத இரண்டு சீடர்கள் சாபத்தால் பல்லியானார்கள் என்பது அங்குள்ள கதை. பஞ்சாங்கத்தின் பல்லி விழும் பலனைப் படித்துக் கலங்கியவர்களுக்கு இந்தப் பல்லிகள் பரிகாரம். வீட்டுச் சுவரில் இருப்பதற்குப் பெருமாள் கோயிலில் இடம். வயல்வெளியில் திரிவதற்குச் சிவன் கோயிலில் இடம். கூட்டம் என்னவோ பல்லிக்குத்தான்.

தொண்டை மண்டலத்தின் தரை அமைப்பு உடும்புக்காகவே அமைந்தது என்று சொல்லலாம். ஏரிகள் நிறைந்த நாடு இது. மாகறலுக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததையும் ஏரி வாரியம் இருந்ததையும் சொல்கின்றன. ஆண்டுதோறும் தூர் வாரி, கரைக்கு மண் கொட்டி, சரிவில் கல் பாவி, கரைமேல் பனையும் வேலமும் வளரவிட்ட ஆயிரம் ஆண்டு உழைப்பு அது. கரையின் கல்லிடுக்கு உடும்புக்கு ஒளிவிடம். சரிவு வெயில் காயும் இடம். ஏரியின் நண்டும் நத்தையும் தவளையும் இரை. கரையோரப் புற்று முட்டை வைக்கும் அறை. வேடந்தாங்கல் போன்ற ஏரிகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலத்தில் முட்டையும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே காணப்படுவது வங்காள உடும்பு என்று விலங்கியலார் குறிக்கும் இனம். பிரெஞ்சு இயற்கையாளர் தோதேன் 1802இல் வங்காளத்து மாதிரியை வைத்து விவரித்ததால் அந்தப் பெயர். மற்றபடி இந்தியா முழுவதும் பரவிய உயிர். இந்தியாவில் உள்ள நான்கு உடும்பு இனங்களில் தமிழ்நாட்டுச் சமவெளிக்காரர் உடும்பு என்றால் இதைத்தான் சொல்கிறார்கள். நன்றாக வளர்ந்தது வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். மூக்குத் துளை ஒரு சாய்ந்த கீறல்போல, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் இருக்கும். நாக்கு பாம்பின் நாக்கைப்போல் நீண்டு பிளந்தது. உணவில் முக்கால்வாசி வண்டும் புழுவும் தேளும் மரவட்டையும்தான். கோழிமுட்டை திருடுகிற கெட்ட பெயர் எப்போதாவது செய்யும் காரியத்தால் வந்தது.

மாசி பிறந்து பனி விலகும்போது உடும்பைப் பார்ப்பது எளிது. குளிர்ந்த மாதங்களில் வளைக்குள் முடங்கிக் கிடப்பது வட இந்தியாவில் அதிகம். தமிழ்நாட்டில் அவ்வளவு இல்லை என்றாலும் மார்கழி, தை மாதங்களில் நடமாட்டம் குறைவுதான். மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகிவிடும். ஏரியில் தண்ணீர் இறங்கி, கரையின் அடிச்சரிவு வெளியே வந்துவிடும். காலை வெயில் சுளீரென்று விழத் தொடங்கும் எட்டு மணிக்குமேல், கிழக்குப் பார்த்த சரிவில், உடம்பை அகலமாக விரித்துக் கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். அசையாதவரை கண்ணில் படாது. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாக்கு: சில விநாடிகளுக்கு ஒரு முறை வெளியே வந்து காற்றைத் துழாவிவிட்டு உள்ளே போகும். உடம்பு சூடேறியதும் எழுந்து, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி, மூக்கால் சருகைக் கிளறிக்கொண்டு நடக்கும். பார்க்க வருகிறவருக்கு வாய்ப்பு, வெயில் காயத் தொடங்குவதற்கும் இரை தேடப் புறப்படுவதற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான். நிழல் விழுந்தாலே போதும், கல்லிடுக்குக்குள் போய்விடும்.

ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் அடையாளம் கிடைக்கும். வண்டல் மண்ணில் உடும்பு நடந்த தடம் மறக்க முடியாதது: நடுவில் வால் இழுத்த நெளிகோடு, இரு பக்கமும் மாறி மாறி ஐவிரல் நகக்குறி. நெளிகோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பாம்பு போயிருக்கிறது என்று ஓடுகிறவர்கள் உண்டு. நகக்குறியைப் பார்த்தால் சந்தேகம் தீரும். காய்ந்த சாணக் குவியல் கிளறிக் கிடந்தால் சாணி வண்டு தேடி உடும்பு வந்திருக்கலாம். பனை, புளி மரங்களின் அடித்தண்டில் மேல்நோக்கிய நகக்கீறல்கள் தெரியும். சிறியவைதான் மரத்தில் அதிகம் தங்கும், பெருத்தது பெரும்பாலும் தரையோடு சரி. தவிட்டுக்குருவிக் கூட்டமும் மைனாவும் ஒரு புதரைச் சுற்றித் தாழ்வாகப் பறந்து கத்தினால், அடியில் பாம்போ கீரியோ உடும்போ இருக்கிறது என்று பொருள். ஆடு மேய்ப்பவர்கள் இந்தக் கத்தலைக் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பருவத்தில் கிடைக்கும் இன்னொரு காட்சி குஞ்சுகள். ஆண் உடும்புகள் பின்னங்காலில் எழுந்து மல்லுக்கட்டுவது ஆனி, ஆடி வாக்கில். அதற்குப் பின் பெண் உடும்பு சமதரையிலோ கரைச் சரிவிலோ குழி தோண்டி, இருபது முட்டை அளவில் இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்திக் கெட்டிப்படுத்தும். பக்கத்தில் சில பொய்க்குழிகளையும் தோண்டிவைப்பது வழக்கம். கீரியையும் நரியையும் ஏமாற்றத்தான். சில நேரம் குழிக்குப் பதில் கறையான் புற்றைத் தேர்ந்தெடுக்கும். புற்றுக்குள் ஈரமும் வெப்பமும் வெளியே உள்ளதுபோல் ஏறி இறங்காமல் நிதானமாக இருக்கும். முட்டை பொரிய 168 முதல் 254 நாள்வரை ஆகும் என்பதால், ஆவணியில் இட்டது மாசிக்குமேல் பொரியும். மாகறல் கதையில் உடும்பு ஓடிப்போய் ஒளிந்த இடம் மரமோ கிணறோ ஆகாமல் புற்றாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கதையைக் கட்டியவர்கள் வேண்டுமானால் புலவர்களாக இருக்கலாம். அந்த விவரத்தைக் கொடுத்தவர்கள் கடப்பாரை பிடித்தவர்கள்.

குஞ்சு பெரியவற்றைவிடப் பளிச்சென்று, கழுத்தில் கரும்பட்டையும் முதுகில் வெளிர்புள்ளிகளுமாக இருக்கும். வட இந்தியாவில் இதைத் தனி இனம் என்றும், கடித்தால் ஆள் பிழைக்காது என்றும் நம்பி, கண்ட இடத்தில் அடித்துக் கொன்றார்கள். அந்தக் கொடிய பல்லியைத் தேடிப்போன இயற்கையாளர்களுக்குக் கடைசியில் கிடைத்தது உடும்புக் குஞ்சுதான்.

ஐரோப்பாவில் இதே மாதங்களில் மக்கள் குளக்கரைக்குப் போவது நியூட் பார்க்க. நியூட் என்பது வாலுள்ள நீர்நிலவாழ்வி; பார்வைக்குப் பல்லிபோல் இருந்தாலும் தவளைக்கு உறவு. குளிர் விட்டதும் தண்ணீருக்குத் திரும்பி இணைசேரும். தென்னிந்தியாவில் அந்தக் குடும்பமே கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் பக்கத்து மலைக்குளங்கள் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். அங்கே கோடைமழை தொடங்கியதும், கரடுமுரடான முதுகுடைய இமயமலை நியூட் குளத்தில் இறங்கும். இதற்காகவே 1985இல் ஜோர்போக்ரியில் நாட்டின் மிகச் சிறிய சரணாலயங்களில் ஒன்றை அமைத்தார்கள். ஆண்டர்சன் 1871இல் சீனத்து யுன்னானிலிருந்து விவரித்த இனம்தான் இது என்று நெடுங்காலம் எண்ணியிருந்து, 2015இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். தொண்டை நாட்டு ஏரிக்கரையில் இளவெயிலுக்கு வரும் நான்கு கால், நீண்ட வால் உயிர் உடும்பு. அதைப் பார்க்கப் போனவர்கள் அண்மைக்காலம்வரை பிடிக்கப் போனவர்கள்தான்.

பிடிப்பதற்கு நாயும் கடப்பாரையும் போதும். நாய் மோப்பம் பிடித்து வளையைக் காட்டும். ஆள் வளையின் போக்கைத் தட்டிப் பார்த்து, உடும்பு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தோண்டுவான். வாசலிலிருந்து தோண்டிக்கொண்டே போனால் கரைதான் வீணாகும். கையில் பிடிபட்டாலும் வேலை முடிந்ததில்லை. உடும்பு நகத்தை ஊன்றி, நுரையீரலில் காற்றை நிரப்பி, உடம்பைப் புடைத்துக்கொள்ளும். இடுக்கில் அது அடைத்துக்கொண்டால் வாலைப் பிடித்து இழுப்பது வீண். உடும்புப்பிடி என்று ஊரே பேசும் பிடி இதுதான். கடித்தாலும் இலேசில் விடாது; உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்ற பழமொழி யாரோ பட்டுச் சொன்னது. 1670இல் சிங்ககட் கோட்டையில் தானாஜி உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மதிலேறினார் என்ற மராட்டியக் கதை இந்தப் பிடியை நம்பிப் பிறந்தது. மிகப் பெரிய வங்காள உடும்பே ஏழு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஆள் பாரத்தை அது தாங்குமா என்று கதை கேட்ட யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிடித்த உடும்பை உயிரோடு வைத்திருப்பது வழக்கம். பல நாள் இரையில்லாமல் தாங்கும் என்பதால், கால்களை முதுகுப்புறம் வளைத்துக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். இறைச்சிக்கு மருத்துவப் புகழும் உண்டு. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் உடும்பு எண்ணெய் என்று தெருவோரத்தில் விற்றது பலருக்கு நினைவிருக்கும். இலங்கையில் கண்டி அரசனிடம் பல ஆண்டு சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இரண்டு உடும்புகளைக் குறிப்பிடுகிறார். நீரோரத்தில் திரியும் கபரகொயாவை யாரும் உண்பதில்லை. நிலத்தில் வாழும் தலகொயாவின் இறைச்சியோ மிகச் சிறந்தது என்று மதிக்கப்பட்டது. இந்தத் தலகொயாதான் தமிழ்நாட்டு உடும்பு.

தோலின் வரலாறு இறைச்சியைப்போலவே பழையது. வில்நாண் தெறித்துப் புண்ணாகாமல் இருக்க வில்லாளிகள் உடும்புத்தோல் உறை அணிந்தார்கள். வால்மீகியின் இராமலட்சுமணர் கையில் இருப்பதும் அதுதான். 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களின் கைப்பைக்கும் காலணிக்கும் ஊர்வனவற்றின் தோல் நாகரிகமானபோது கதை மாறியது. சென்னையும் கொல்கத்தாவும் ஏற்றுமதி வாசல்களாயின. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து இருளர்கள் பாம்புத்தோலுக்கும் உடும்புத்தோலுக்கும் வேட்டையாடித் தரகரிடம் கொடுத்தார்கள். வயிற்றுக்காகப் பிடித்தபோது வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும். தோலுக்குப் பிடிக்கும்போது போதும் என்ற அளவே இல்லை. தரகர் கொடுத்த விலை அற்பமானது.

உள்ளூரில் உடும்புத்தோலுக்கு இருந்த நயமான தேவை கஞ்சிரா. பலா மரத்தைக் கடைந்த ஏழு அங்குல அளவுள்ள வளையம். ஒரு பக்கம் இழுத்து ஒட்டிய உடும்புத்தோல். சட்டத்தில் ஒரு பிளவு, அதில் பழைய காசுகள் இரண்டு மூன்று. கருவி இவ்வளவுதான். மாகறல் தலபுராணத்தின் பலாவும் உடும்பும் ஒரே பொருளில் சேர்வது தற்செயல் என்றாலும், கச்சேரி கேட்கிறவர்கள் இரசிக்கத் தக்க தற்செயல். உடும்புத்தோல் மெல்லியது, ஆனால் முறுக்கேறியது. வறண்ட நிலையில் சுருதி மிக உயர்ந்து கணீரென்று இருக்கும். வாசிப்பவர் தோலின் உட்புறம் நீர் தடவி, ஊறி இறங்கும்வரை சில நிமிடம் காத்திருப்பார். பிறகு இடக்கை விரல்கள் விளிம்போரம் தோலை அழுத்தி நெகிழ்த்த, வலக்கை அடியில் தொனி வளைந்து குமுறும். கச்சேரி நடுவே தோல் காய்ந்தால் மறுபடி தண்ணீர். மேடைகளில் கஞ்சிராக் கலைஞர் பக்கத்தில் சிறிய கிண்ணம் இருப்பதற்குக் காரணம் இது.

பசனையிலும் கூத்திலும் ஒலித்த இந்தச் சிறிய தோற்கருவியைக் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெயர் பெற்றவர். பின்னால் பழனி சுப்பிரமணிய பிள்ளையும், 2002இல் காலமான ஜி. ஹரிசங்கரும் இந்தக் கருவியின் எல்லையைப் பெரிதாக்கினார்கள். இத்தனை பேர் வாசித்த நாதத்துக்குப் பின்னால் ஏதோ ஓர் ஏரிக்கரையில் நாயோடு நடந்த பெயர் தெரியாத ஆள் ஒருவர் இருந்தார். இசை வரலாற்று நூல்கள் தச்சரையாவது குறிப்பிடும், அவரைக் குறிப்பிடுவதில்லை.

1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பில் வைத்தது. பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் 1975 முதல் வங்காள உடும்பு இருக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் மட்டுமில்லை, தோலை வைத்திருப்பதே குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். தோல் ஏற்றுமதியும் எழுபதுகளின் நடுவில் நின்றது. ஏற்றுமதியாளருக்கு வேறு சரக்கு கிடைத்தது. இருளருக்கோ ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை சிறைக்குரிய குற்றமாகிவிட்டது.

அவர்களுடைய அறிவு வீணாகாமல் போனதற்கு, சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் சில இருளர்களும் சேர்ந்து எடுத்த முயற்சி காரணம். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொன்று தோலை உரிப்பதற்குப் பதில், உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடுவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இன்றும் அது நடக்கிறது. இந்தச் சங்கத்து வழி வந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லையாகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே அவர்கள் பயன்படுத்தியது தடம் பார்க்கும் கண்ணும் கடப்பாரையும். பெரும்பாணாற்றுப்படையின் எயினருக்குத் தெரிந்த வித்தைக்கு நெருங்கிய உறவு. உடும்புக்கு மட்டும் இப்படி ஒரு மாற்று வழி அமையவில்லை. நஞ்சுபோல் எடுத்துக்கொண்டு விட்டுவிடக்கூடியது எதுவும் அதனிடம் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் உடும்பை விரிவாகக் கவனித்து எழுதியது சட்டத்துக்குப் பிறகுதான் புத்தகமாக வந்தது. அமெரிக்கரான வால்டர் ஆஃபன்பர்க் 1994இல் வெளியிட்ட ‘வங்காள உடும்பு’ இன்றும் அடிப்படை நூல். பொய்க்குழி, புற்று, மல்லுக்கட்டு எல்லாம் அளவுகளோடு அதில் உள்ளன. வேட்டைக்காரர் வாய்மொழியில் சொன்னதில் பெரும்பகுதி அதில் சரிபார்க்கப்பட்டுவிட்டது. பிழையாகிப் போனவை எண்ணெயின் மருத்துவக் குணமும் குஞ்சின் நஞ்சும்.

கஞ்சிராவுக்கு இப்போது ஆட்டுக்குட்டித் தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. செயற்கைத் தோலுக்கு நீர் தடவ வேண்டியதில்லை, மழைநாளில் சுருதி குலைவதில்லை. உடும்புத்தோலின் குமுறல் மட்டும் முழுதாக வருவதில்லை என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். சந்தையில் கால் கட்டி விற்ற காட்சி மறைந்துவிட்டது. மறைவாக நடப்பது நிற்கவில்லை. 2017இல் வெளிவந்த ஒரு மோசடி விநோதமானது. வீட்டுக்கு அதிர்ஷ்டம் தரும் அரிய செடியின் வேர், கைகூப்பிய வடிவில் இருக்கும் என்று ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரில் இணையத்தில் விற்ற பொருளைச் சோதித்தபோது, அது ஆண் உடும்பின் உலர்ந்த பிறப்புறுப்பு என்று தெரிந்தது. பூசையறையில் வைத்துக் கும்பிட்ட பலருக்கு எதைக் கும்பிடுகிறோம் என்றே தெரியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் வங்காள உடும்பு இன்று ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்ற நிலையில் இருக்கிறது.

செய்யாற்றுப் பக்கத்து ஏரிகளில் சில இடங்களில் கரைச்சரிவு சிமெண்டாகிவிட்டது. சிமெண்டுச் சரிவில் வெயில் காயலாம், வளை தோண்ட முடியாது. மண்கரையும் கல்லிடுக்கும் புற்றும் மிச்சமிருக்கும் இடங்களில், பறவை பார்க்க வருகிறவர்களின் படங்களில் கொக்குக்கும் நாரைக்கும் நடுவே அவ்வப்போது ஓர் உடும்பும் விழுகிறது. பக்கத்து வயலில் ஆட்டை மேயவிட்டு நிற்பவரைக் கேட்டால், எந்தப் பனையடியில் நேற்று நகக்கீறல் பார்த்தார் என்றும் சொல்வார்.